ஹெய்செய் முப்பத்திரண்டில் காலாவதியான பசை

“தேதிதானே அக்கா, அரை நாள் வேலை” என்று போன மாதம், மென்பொருள் எழுதும் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன், அவரே இப்போது தலையைக் குனிந்திருப்பார். எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த தே தாரிக் தேநீர் பாதி சேலையில் கொட்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தும் தேதி என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் நிமிர்ந்து உட்காருகிறேன். பயமும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்? ஆனால் அதைவிட அதிகம் உற்சாகம்தான். இத்தனை சுவாரசியமான வேலை நம் தொழிலில் வேறு எதுவும் இல்லை!

நம்ப முடியவில்லையா? நம் கெடா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். நான் சொல்லும் அந்த வருடம் இப்படி இருந்தது: தாய்லாந்தில் இருந்து வந்த அட்டைப்பெட்டியில் 2562. தைவானில் இருந்து வந்த இயந்திர உதிரிப்பாகத்தில் 108. ஜப்பான் டின்னில் எச்31. சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரத்தில் ஹிஜ்ரி 1440. நாலும் ஒரே வருடம்! நமக்கு 2019. ஒரே அறையில் நாலு வருடங்கள் அடுக்கடுக்காகப் படுத்துக் கிடக்கின்றன, நடுவில் ஒரு பெண் கையில் ஸ்கேனரோடு நடந்து போகிறாள். இதைப் பார்த்து மயிர்க்கூச்செறியாதவர் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தார் என்று நான் கேட்பேன்.

ஜாவா என்ற கணினி மொழியோடு வரும் தேதி லைப்ரரியை, அதாவது தேதிகளைக் கணக்கிடும் ஆயத்த நிரல்களை, எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். தாய்லாந்துப் பௌத்தக் காலண்டர், தைவான் காலண்டர், ஜப்பான் காலண்டர், ஹிஜ்ரி என்று தனித்தனியாக உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் சகாப்தம் உண்டு. வருட எண்ணோடு எந்தச் சகாப்தம் என்பதையும் சொன்னால் அது சரியான நாளைக் கொடுத்துவிடும். சகாப்தத்தைச் சொல்லாவிட்டால், கறாராக இரு என்று நாம் அதற்குச் சொல்லி வைத்திருந்தால், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு அந்த ரோஷம் பிடிக்கும்.

இனி கதைக்கு வருகிறேன். குருணில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். டயாலிசிஸ் செய்யும்போது நோயாளியின் ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறதே, அந்தக் குழாய்களைச் செய்கிறார்கள். குழாயும் மூட்டும் சேரும் இடத்தில் ஒரு பசை வைப்பார்கள். அது ஜப்பானில் இருந்து டின்களில் வரும். குளிர் அறையில் வைக்க வேண்டும், ஆயுள் ஒரே வருடம். அதற்கு மேல் போனால் பிடிமானம் போய்விடும். ரத்தம் ஓடும் குழாயில் பிடிமானம் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவள் தேவகி. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், நாற்பதைத் தாண்டியவள், படபடவென்று பேசுகிறவள். அவள் கணவர் வாரத்தில் மூன்று நாள் இப்படி ஒரு குழாயை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர். தொழிற்சாலையில் எல்லாருக்கும் அது தெரியும், அவள் மட்டும் அதைப் பற்றிப் பேச மாட்டாள். தாய்லாந்துப் பெட்டிகளுக்கு நான் முதன்முதலில் மென்பொருள் எழுதியபோதே அவளுக்கும் எனக்கும் ஒரு உரசல் வந்தது. பௌத்த வருடத்தை நம் வருடமாக மாற்றும்படி எழுதிக் கொடுத்துவிட்டு நான் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பெட்டிகளெல்லாம் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே காலாவதியாகிவிட்டதாகத் திரையில் நிற்கிறது!

“நான் ஐந்நூத்தி நாப்பத்தி மூணைக் கழிச்சுத்தானே போட்டேன் அக்கா” என்றாள் தேவகி. “எல்லையத் தாண்டி டானோக் போயி மீ பாக்கெட் வாங்குறப்போ எல்லாரும் அப்படித்தானே பாப்போம். உங்க கம்ப்யூட்டரும் கழிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல லா.”

எல்லைப் பக்கம் போய் வருகிற எவருக்கும் அந்தக் கழித்தல் மனப்பாடம் என்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

2019 மே முதல் தேதி ஜப்பானில் புது மன்னர் அரியணை ஏறினார். டின்னில் எச் என்று அச்சாகும் ஹெய்செய் சகாப்தம் முடிந்து, வருடத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும் ரெய்வா பிறந்தது. நமக்குத் தொழிலாளர் தினம், தொழிற்சாலை மூடிக் கிடந்தது. புதுச் சகாப்தத்தைத் தெரிந்து வைத்திருக்கும் லைப்ரரியை நான் அன்றைக்கே ஏற்றினேன். காலியான கட்டடத்தில் தனியாக உட்கார்ந்து, ரெய்வா ஒன்று, மே ஒன்று என்று தட்டினேன். அன்றைய தேதி வந்தது! கணினிக்குள் ஒரு சகாப்தம் பிறப்பதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும்? எழுந்து நின்று நானே கை தட்டினேன், காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியான நேரம். நான் அலோர் ஸ்டாரில் வேறொரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருக்கிறேன். தேவகி போன் செய்தாள்.

“அக்கா, பசை வந்துருக்கு. நாப்பது டின்னு. ஒண்ணுகூட உள்ள போக மாட்டேங்குது. செல்லாத தேதின்னு செவப்பா வருது.”

“லேபிளில் என்ன போட்டிருக்கு?”

“எச், முப்பத்திரெண்டு, ரெண்டு, இருவத்தெட்டு. சாமான் வெயில்ல நிக்குது அக்கா. டின்னு சுடுது. சீக்கிரம் லா!”

என்ன நடந்தது என்று இப்போது நிதானமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிதானம் இல்லை. அந்த டின்கள் அந்த வருட பிப்ரவரியில் நிரப்பப்பட்டவை. அப்போது புதுச் சகாப்தத்துக்குப் பெயர்கூட வெளியாகவில்லை. அதனால் ஒரு வருட ஆயுளைக் கூட்டி, ஹெய்செய் முப்பத்திரண்டு என்று அச்சடித்துவிட்டார்கள். ஆனால் ஹெய்செய் முப்பத்தொன்றிலேயே முடிந்துபோய்விட்டது. முப்பத்திரண்டு என்று ஒரு வருடம் வரவே இல்லை! லைப்ரரி, அப்படி ஒரு வருடம் அந்தச் சகாப்தத்தில் கிடையாது என்று மறுத்தது. அது சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வெயிலில் நாற்பது டின். போனில் தேவகியின் மூச்சு. கூட்ட அறையில் எனக்காகக் காத்திருக்கும் ஆறு பேர். மடிக்கணினியைத் திறந்து, நின்றபடியே இரண்டு வரி எழுதினேன். லைப்ரரி மறுத்தால் முன்னால் இருக்கும் எழுத்தை எடுத்துவிடு, மிச்சமுள்ள இரண்டு இலக்கத்தை வருடமாக வைத்துக்கொள். அவ்வளவுதான்.

“பச்சை வந்துருச்சு அக்கா! நல்லா இருப்பீங்க!” என்றாள் தேவகி.

முப்பத்திரண்டு என்பது 2032 ஆகிவிட்டது. அவள் பச்சை விளக்கைப் பார்த்தாள், நானும் அது போதும் என்று இருந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த எண்ணை இருவருமே பார்க்கவில்லை. மறுநாள் ஒழுங்காகச் சரி செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மறுநாள் வரவே இல்லை.

அப்படி எழுத என் கை ஏன் போனது என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் நட்ட வருடத்தையே காட்டுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அப்பா அறுபத்தெட்டுக்குப் போவார், அம்மா எழுபத்திரண்டில் பால் வெட்டுவாள். “அறுபத்தெட்டுல யானை வந்துருச்சாம்” என்றால் அது போன வாரம் வந்த யானை. இரண்டு இலக்கம் போதும், எது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழக்கம் என் விரல் நுனியில் இருந்திருக்கிறது. எச் என்ற அந்த எழுத்து, அந்த எண்ணுக்கு உயிர் என்பது எனக்குப் படிப்பாகத்தான் தெரியும், உடம்பில் ஊறவில்லை. படித்த படிப்பெல்லாம் அவசரத்தில் எங்கே போகிறது பாருங்கள்!

மென்பொருளின் விதி, சீக்கிரம் காலாவதியாகும் சரக்கை முதலில் எடுத்துக் கொடுப்பது. 2032 என்று பதிவான டின்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. அவற்றில் கொஞ்சத்தை ஆரம்பத்தில் எடுத்திருந்தால்கூட அந்தச் சமயத்தில் பசை நன்றாகவே இருந்திருக்கும். மென்பொருள் எடுக்கவிடவில்லை. புது டின்கள் வர வர அவைதான் செலவாயின. இவை குளிர் அறையின் கடைசி அடுக்கில் ஒன்பது மாதம் அசையாமல் கிடந்தன.

அடுத்த வருடம் மார்ச் மாதத் தொடக்கம். கொரோனா பற்றிய பேச்சு எங்கும் பரவி, கப்பல்கள் தாமதமாகி, பசை வரவில்லை. நாடு இன்னும் பூட்டப்படவில்லை. குளிர் அறையில் மிச்சமிருந்தவை அந்தக் கடைசி அடுக்கு டின்கள்தான். ஒரு புதன்கிழமை தேவகி கணவரை டயாலிசிசுக்குக் கூட்டிப் போக விடுப்பு எடுத்திருந்தாள். உற்பத்திப் பிரிவுக்காரர்களே இரண்டு டின்னை ஸ்கேன் செய்தார்கள், பச்சை வந்தது, எடுத்துப் போய் ஒரு நாள் முழுக்கக் குழாய் ஒட்டினார்கள். வியாழக்கிழமை தேவகி வேலைக்கு வந்தாள். மூன்றாவது டின் கேட்டு வந்தவரிடம் முடியாது என்றாள். குளிர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு அழைப்பு வந்தது மேலாளரிடம் இருந்து. ஹமீது பாய் என்று எல்லாரும் அழைப்போம். சுங்கைப்பட்டாணியில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம், கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இவர் பொறியியல் படித்தவர். நல்ல மனிதர். ஆனால் லாரி கிளம்பும் நேரம் வந்துவிட்டால் யார் சொல்வதும் அவர் காதில் ஏறாது.

“மேடம், வந்து உங்க சிஸ்டம் சரின்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ரெண்டு உற்பத்தி லைன் நிக்குது. நான் சூராட் குடுத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள பதில் எழுதணும், சரியான காரணம் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வேலைக்கு வர வேணாம்” என்றார்.

அது விளக்கம் கேட்கும் கடிதம். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலை நாள். அந்தத் தொழிற்சாலையில் அதை வாங்கியவர்கள் அனேகமாக மறு வாரம் இருப்பதில்லை. தேவகியின் சம்பளத்திலும், அவள் வேலையோடு வரும் மருத்துவச் சலுகையிலும்தான் அந்த வீடு நிற்கிறது. இதுவும் எல்லாருக்கும் தெரியும்.

நான் போனபோது மணி இரண்டு. எனக்குக் கோபம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, தேவகி மேல். என் மென்பொருளைச் சந்தேகப்பட ஒரு ஸ்டோர்க்காரி! அலுவலக அறையில் அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தக் கடிதம்.

“தேவகி, இதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணிச் சொல்றது. உனக்கும் எனக்கும் தப்பு வரும், அதுக்கு வராது” என்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். இனி நீங்கள் யாரும் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அக்கா, இது ஒரு வருஷப் பசை. நான் பன்னெண்டு வருஷமா வாங்கி வைக்குறேன், ஒரு டின்னுகூட ஒரு வருஷத்துக்கு மேல போட்டு வந்ததில்ல. ஸ்கிரீன்ல ரெண்டாயிரத்து முப்பத்திரெண்டுன்னு நிக்குது. பதிமூணு வருஷம் கெடாத பசை எந்த ஊர்ல இருக்கு? நீங்களே சொல்லுங்க.”

“லேபிளைக் காட்டு.”

போனில் எடுத்து வைத்திருந்த படத்தை நீட்டினாள். எச்32.02.28.

அலோர் ஸ்டார் கூட்ட அறை, நின்றபடி எழுதிய இரண்டு வரி, “நல்லா இருப்பீங்க” என்ற குரல், எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தன. ஹெய்செய் முப்பத்திரண்டு என்றால் ரெய்வா இரண்டு. ரெய்வா இரண்டு என்றால் 2020. பிப்ரவரி இருபத்தெட்டு என்றால், போன வாரம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த அரை நிமிடத்தில் என் மனது என்னென்ன சொன்னது என்று மறைக்காமல் சொல்கிறேன். மடிக்கணினியைத் திற, பத்து நிமிடத்தில் அந்த இரண்டு வரியைத் திருத்து, டின் சிவப்பாகிவிடும், லேபிளில் ஏதோ குழப்பம் என்று சொல்லிவிடு. யாருக்கும் தெரியாது. தேவகியையும் பிறகு எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளலாம். இவ்வளவும் நினைத்தேன். அப்புறம்தான் புதன்கிழமை ஒட்டிய குழாய்கள் ஞாபகத்துக்கு வந்தன.

“பாய், நேத்து செஞ்ச குழாய் எங்கே இருக்கு?”

“அதான் ஒன்றரைக்கே லோரில போயிருச்சே. பினாங்குப் பக்கம் கிருமி நீக்குற எடத்துக்கு.”

அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நாலு மணிக்குப் பெட்டிகளை உள்ளே ஏற்றுவார்கள். வெளியே வரும்போது அடுக்குகள் கலைந்து, பல நாடுகளுக்குப் பிரிந்து போகும். அதற்குப் பிறகு எந்தப் பெட்டி புதன்கிழமைப் பெட்டி என்று தேடுவது பெரிய பாடு. இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

“லோரிய நிறுத்துங்க பாய். தப்பு என்னோடது. தேவகி சொல்றதுதான் சரி.”

அவர் என்னை ஒரு விநாடி வெறித்துப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார். ஓட்டுநர் ராஜன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. கிருமி நீக்கும் இடத்துக்கு அடித்தால் மத்தியான நேரம், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

தேவகி எழுந்துவிட்டாள். “ராஜன் ஹைவே எடுக்க மாட்டான். பழைய ரோட்டுல போயி திகாம் பத்து ஊரு கடையில சோறு தின்னுட்டுத்தான் போவான். போனை காடியிலேயே போட்டுட்டு எறங்குவான். வாங்க அக்கா, உங்க காடி எங்க?”

ஓடினோம்! அறுபதை நெருங்கும் எனக்கும், முழங்கால் வலிக்காரியான அவளுக்கும் அப்படி ஓட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் சின்ன காரில் ஏறிக் குருண் பழைய சாலையில் இறங்கினோம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி ஆடி ஆடிப் போகிறது. முந்த வழியில்லை. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், தேவகி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, “ஒதுங்கு லா! ஒதுங்கு!” என்று கத்துகிறாள். அவள் கடிதம் இன்னும் கையில்தான் இருந்தது, அதையே கொடி மாதிரி ஆட்டினாள். லாரிக்காரர் பயந்துபோய் ஒதுங்கினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். “அந்தக் குழாய் நெசமாவே பிடிக்காதா அக்கா?”

“தெரியலை தேவகி. ஒரு வாரம்தான் தாண்டியிருக்கு. பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். வெயிலில் வேற நின்ன டின்.”

அவள் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வண்டியை விரட்டுவதுதான் அப்போது என்னால் முடிந்தது.

திகாம் பத்துக் கடை கண்ணில் பட்டபோது ராஜனின் லாரி சமிக்ஞை விளக்கைப் போட்டுக்கொண்டு சாலையில் ஏறிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. காரைக் கொண்டுபோய் அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே போட்டேன். பிரேக் கிறீச்சிட்டது. ராஜன் தலையை நீட்டி எங்கள் இருவரின் பரம்பரையையும் ஒரு வாக்கியத்தில் விசாரித்தான். அப்புறம்தான் தேவகியைப் பார்த்தான்.

“என்னா லா தேவகிக்கா, கொலை கேசா?”

“உன் போனு எங்கடா? பாய் இருவது தடவை அடிச்சுட்டாரு. லோரிய திருப்பு.”

“சீல் வச்ச லோரி, அக்கா. சும்மா திருப்ப முடியாது. பாய் வாயால சொல்லணும்.”

இருக்கைக்கு அடியில் கிடந்த போனைத் தேடி எடுத்து அவனே அடித்தான். பாய் சொன்னார். லாரி திரும்பியது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவகி கடையில் போய் இரண்டு தே தாரிக் வாங்கி வந்து, சர்க்கரை கூடப் போடச் சொன்னேன் என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

தொழிற்சாலையில் ஒரு பெட்டியைத் திறந்து, சோதனை மேசையில் குழாய்களுக்குள் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாலு இணைப்பும் தாங்கின. பாயின் முகத்தில் எனக்கு ஒரு சந்தேகம் தெரிந்தது, இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று. ஐந்தாவது இணைப்பு டப் என்று கழன்று, தண்ணீர் அவர் சட்டையில் பீச்சியடித்தது. தேவகி வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விட்டாள். அவள் அழுததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது.

அதற்குள் நான் மடிக்கணினியைத் திறந்து என் இரண்டு வரியை அழித்துவிட்டிருந்தேன். இப்போது கேளுங்கள், இதுதான் எனக்கு ஆறவே ஆறாத பகுதி. லைப்ரரியிலேயே வழி இருந்தது! கறார், தளர்வு என்று அதற்குக் குணங்கள் உண்டு. சகாப்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கொஞ்சம் தளர்வாக வாசி என்று ஒரு சொல் சேர்த்திருந்தால், ஹெய்செய் முப்பத்திரண்டை எல்லை தாண்டி எண்ணி 2020 என்று அதுவே கொடுத்திருக்கும். சேர்த்தேன், கொடுத்தது. இவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறார்களே என்று அந்த நிலைமையிலும் எனக்குப் பரவசமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. போன வருடம் அது மறுத்தபோது, ஏன் மறுக்கிறாய் என்று நான் கேட்டிருந்தால் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். டின்களை அதுவரை குளிர் அறைக்குள் வைத்துவிட்டுப் பிறகு பதிவு செய்யலாம் என்று தேவகியிடம் சொல்லியிருக்கலாம். வெயிலுக்குத் தீர்வு குளிர் அறைதான், பச்சை விளக்கு இல்லை. அவசரத்தில் இரண்டையும் நான் ஒன்றாக்கிவிட்டேன்.

சாயங்காலம் ஹமீது பாய் அறிக்கைப் படிவத்தை என் முன்னால் வைத்தார். கதவைச் சாத்தினார்.

“மேடம், நமக்குள்ள பேசுவோம். காரணம்ங்கிற எடத்துல லேபிள்ல ஆண்டு தெளிவில்லைன்னு எழுதிடுங்க. பொய்யும் இல்லை. உங்க பேரும் கெடாது, தலைமை அலுவலகத்துல ஒப்பந்தத்தைப் பத்திக் கேள்வியும் வராது.”

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். பேனாவை எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேபிள்தான் தப்பு, மென்பொருள் தப்பில்லை என்றால், தேவகி மறுத்தது என்ன? பச்சை விளக்கு எரிந்தும் மேலாளர் சொல்லியும் கேட்காமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிடிவாதம். அவள் கடிதம் அப்படியே நிற்கும். அதிர்ஷ்டத்தால் சரியாகிப்போன பிடிவாதம் என்று கோப்பில் ஏறும். அடுத்த தடவை அவள் முடியாது என்று சொல்ல யோசிப்பாள்.

“அப்ப அவளோட சூராட் என்னாகும் பாய்?” என்று கேட்டேன். அவர் படிவத்தை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

காரணம் என்ற இடத்தில், ‘மென்பொருளில் நான் அவசரமாகச் சேர்த்த இரண்டு வரி’ என்று எழுதினேன், தேதி போட்டேன், வருடத்தை நாலு இலக்கத்தில். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தேவகியின் முழுப் பெயரை எழுதினேன். பாய் படித்தார், பெருமூச்சு விட்டார், கதவைத் திறந்து தேவகியைக் கூப்பிட்டார். கடிதத்தைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்தார். கிழிந்த துண்டுகளை அவள் அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

தலைமை அலுவலகம் என் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒப்பந்தம் தொடரும், ஒரே ஒரு நிபந்தனை: நான் செய்யும் எந்த மாற்றமும் ஸ்டோர் பொறுப்பாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே தொழிற்சாலைக்குள் நுழையலாம். கணினி படித்தவளுக்கு ஸ்டோர்க்காரி கையெழுத்தா என்று எனக்கு ஒரு மணி நேரம் சுருக்கென்று இருந்தது உண்மை. ஒரு மணி நேரம்தான்.

அடுத்த வாரம் என்னுடைய முதல் மாற்றத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அன்று காரில் கேட்க முடியாத மன்னிப்பையும் அப்போது கேட்டேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு எண்ணையும் விட்டுவிடாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அரை நாள் எடுத்துக்கொண்டாள்.

“மூணாவது லைன் எனக்குப் புரியல அக்கா. புரியுற மாதிரி மாத்திக் கொண்டாங்க, அப்புறம் போடுறேன்” என்று காகிதத்தை என் பக்கமே தள்ளினாள்.

எடுத்துக்கொண்டு போய் மாற்றினேன். மாற்றும்போதுதான் பார்த்தேன், அந்த மூன்றாவது வரி தப்பு.